பெரியப்பாவின் இரண்டாவது சாவு

பரநிருபசிங்கம் பெரியப்பா சாகத்தான் வேண்டும் என்று சிவபாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் முடிவெடுத்தார். வேறு வழி இருக்கவில்லை.

முடிவெடுத்த இடம் கனடாவில், அஜக்ஸ் நகரத்தில் அவருடைய வீட்டுக் கராஜ். அவர் குந்தியிருந்தது ஒரு ரயரின் மேல். சும்மா ரயர் இல்லை. நிமிர்த்தி வைத்தால் அவருடைய இடுப்புக்கு வரும். அப்படி நாலு ரயர் பூட்டுவதற்காகவே ஒரு பழைய ஜீப்பை வாங்கி, அதன் உடம்பை அரை முழம் மேலே தூக்கி, முன்னுக்கு, புதைந்தால் இழுத்தெடுக்க இரும்புக் கம்பி சுற்றிய வின்ச் ஒன்றைப் பூட்டி, கூரையில் ஆறு விளக்கும் வைத்திருந்தார். ஏறுவதற்கு ஏணி ஒன்றுதான் குறை. இந்த வயதில், இந்த முழங்காலோடு, தினமும் அதில் தொங்கி ஏறினார்.

மற்றவர்கள் மாரிகாலத்தில் பனி தள்ளிய றோட்டைத் தேடிப் போவார்கள். சிவபாதமும் கூட்டாளிகள் இருவரும் பனி தள்ளாத இடத்தைத் தேடிப் போவார்கள். ஹலிபேர்ட்டன் பக்கத்துக் காட்டுப் பாதைகளுக்குள் மூன்று ஜீப்பையும் விட்டு, தொடையளவு பனிக்குள் புதைந்து, ஒருவரை ஒருவர் இழுத்தெடுத்து, அதற்குச் சந்தோஷம் என்று பெயரும் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். காதை மூடுகிற தொப்பிகூடப் போடுவதில்லை. காது என்ன இரும்பா?

கூட்டாளிகளில் மூத்தவர் சீமோன். மன்னார் ஆள். வந்த புதிதில் பார்க்டேலில் சிவபாதத்தோடு ஒரே அறையில் இருந்தவர். மற்றவன் வினோதன், பிறம்ரனில் சிவபாதம் வேலை செய்கிற வெயாஹவுசில் கூட வேலை செய்கிறவன். இத்தனை வருடமும் சீமோனின் ஜீப்தான் முன்னுக்குப் போகும். ஆழப் பனியில் முன்னுக்குப் போகிறவன்தான் ராசா. அவன் பாதை வெட்டுவான், மற்றவர்கள் அவனுடைய தடத்தில் போவார்கள். இந்த வருடம் சீமோன் தன் வாயாலேயே சொன்னார்.

"மச்சான், சனிக்கிழமை நீ முன்னுக்குப் போ."

அன்றைக்கு முதல் சிவபாதம் சாப்பாட்டு மேசையில் சோற்றுக் கோப்பையைக்கூட ஸ்ரியறிங் பிடிக்கிற மாதிரித்தான் பிடித்தார்.

தடை ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் ஜெயமலர். அவருடைய மனைவி.

போன மாரிகாலம் சிவபாதம் ஒரு சப்பாத்தோடு வீட்டுக்கு வந்தார். "மற்றது எங்க?" என்று கேட்டாள். "ஸ்நோவுக்க," என்றார். அன்றைக்கே சட்டம் வந்துவிட்டது.

"இனிப் போறதெண்டால் நானும் வருவன். நான் வரேல்லையெண்டால் நீங்களும் போறேல்லை."

"உது ஆம்பிளையளின்ர அலுவல், ஜெயம். பொம்பிளையள் ஒருத்தரும் வாறதில்லை."

"ஒருத்தரும்?"

"ஒருத்தரும்."

"சீமோன் அண்ணையின்ர அன்ரனெற்?"

"அன்ரனெற்றுக்குக் குளிர் கண்ணிலயும் காட்டக்கூடாது."

இது சுத்தப் பொய். அன்ரனெற் ஒரு பயணத்தைத் தவறவிட்டதில்லை. சீமோனுக்குப் பக்கத்து சீற்றில் தேத்தண்ணிப் பிளாஸ்கோடு இருப்பாள்.

சிவபாதம் மனைவியைக் கூட்டிப்போகாததற்கு உண்மையான காரணம் வேறு. ஜெயமலர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். ஒன்பது மாரிகாலம், நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, அந்த நீட்டு மஞ்சள் பஸ்ஸை ஐஸ் றோட்டில் கொண்டு திரிகிறாள். ஒரு நாள்கூட வழுக்கியதில்லை. அவள் பக்கத்தில் இருந்தால் அவளுடைய வலது கால் இல்லாத பிரேக்கை அமத்தும். "மெதுவா... மெதுவா அப்பா... ஏன் உப்பிடி மிதிக்கிறியள்?" இதை ஜீப்புக்கு ஜீப் கதைக்கிற வோக்கிரோக்கியில் சீமோனும் வினோதனும் கேட்டால் ராசாவின் மானம் என்ன ஆவது?

ஆகவே ஒரு சாட்டு வேண்டும். ஓவர்ரைம் என்றால் வினோதனுக்குப் போன் போடுவாள். கோயில் என்றால் கூடவே வருவாள். சுகமில்லை என்றால் இரசத்தோடு கட்டிலடியில் இருப்பாள். சாவு ஒன்றுதான் மிச்சம். ஆனால் சிவபாதம் கடவுளுக்குப் பயந்தவர். உயிரோடு இருக்கிற மனிதரைச் சாக்காட்டுவது பாவம். யோசித்தார். ஏற்கெனவே செத்த ஒருவரை இன்னொருமுறை சாக்காட்டினால் அதில் யாருக்கு என்ன நட்டம்?

அப்படி அகப்பட்டவர்தான் பரநிருபசிங்கம் பெரியப்பா. தகப்பனின் ஒன்றுவிட்ட தமையன். நோர்வேயில் இருந்தார். பதினொரு வருடத்துக்கு முன்பு, சிவபாதம் குடும்பம் அஜக்சில் வீடு வாங்கிப் பெட்டி படுக்கையோடு மாறிக்கொண்டிருந்த மாதத்தில், அங்கேயே காலமானார். அந்த அமளியில் மனைவிக்குச் சொன்னேனா இல்லையா என்பதே சிவபாதத்துக்கு நினைவில்லை. ஜெயமலர் அவரைக் கண்டதும் இல்லை. இதைவிடத் தோதான பிரேதம் கிடைக்காது.

வியாழக்கிழமை வேலையால் வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சோபாவில் இருந்து முகத்தைத் தொங்கப்போட்டார்.

"ஜெயம், பெரியப்பா போயிட்டார்."

ஜெயமலர் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். "எந்தப் பெரியப்பா?"

"பரநிருபசிங்கம் பெரியப்பா. நோர்வேக்காரர். கடைசிக் காலத்தில மொன்றியலில மகளோட இருந்தவர். விடியக்காலமை மாரடைப்பு."

கத்தி நின்றது. ஜெயமலர் அவரைப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு நேரே சுவாமி அறைக்குள் போனாள். ஐந்து நிமிடம் வெளியே வரவில்லை. சிவபாதமும் அந்தக் கதவைப் பார்த்துக் கை கூப்பினார். முகம் தெரியாத மனிதருக்காகக் கும்பிடுகிறாளே, எப்பேர்ப்பட்ட மனம்!

வெளியே வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. வெங்காயமாகவும் இருக்கலாம்.

"என்ன வயசு அவருக்கு?"

"எண்பத்தினாலு."

"அப்பிடியோ. நான் இன்னும் கூட இருக்குமெண்டு நினைச்சன்." பெருமூச்சு விட்டாள். "செத்தவீடு எப்ப?"

"சனிக்கிழமை. மொன்றியலில."

"அப்ப நானும் வாறன். நான் மருமோளெல்லே?"

சிவபாதம் இதற்கு ஆயத்தமாகத்தான் இருந்தார். "வேண்டாம், ஜெயம். ஐஞ்சு மணித்தியாலம் போக, ஐஞ்சு வர. உமக்கு நாரி நோ, கனநேரம் வாகனத்தில இருக்கமாட்டீர். திங்கள் பஸ் வேற."

"அதுவும் சரிதான். எண்டாலும் அவ்வளவு தூரம் தனியப் போறியள். என்ர காரைக் கொண்டு போங்கோ."

"கார் வேண்டாம். ஜீப்பில போறன்."

"செத்தவீட்டுக்கு அந்த ஆறு விளக்கு ஜீப்பிலயோ?"

"மொன்றியலில ஸ்நோ கூட."

ஜெயமலர் தலையை ஆட்டினாள். எதிர்ப்பே இல்லை. சிவபாதத்துக்கு உள்ளுக்குள் மத்தாப்பு வெடித்தது. இவ்வளவு சுகமாக முடியும் என்று தெரிந்திருந்தால் போன வருடமே பெரியப்பாவைச் சாக்காட்டியிருக்கலாம்.

"ஒருத்தருக்கும் போன் எடுக்காதையும்," என்றார். "அதுகள் கதைக்கிற மனநிலையில இல்லை."

"சீச்சீ. நான் ஏன் எடுக்கிறன்?" குளிர்பெட்டியைத் திறந்தாள். "உங்கட தகப்பன் வழியெல்லே. அப்ப எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு."

சிவபாதம் நிமிர்ந்தார். இதை அவர் யோசிக்கவில்லை. பங்காளி வீட்டுச் சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும் வரைக்கும் கோயில் இல்லை, விளக்கு இல்லை, மச்சம் மாமிசம் இல்லை.

"கனடாவில ஆரப்பா உதெல்லாம் பாக்கினம்?"

"கனடாவில செத்தால் சாவு இல்லையோ?" உறைந்த ஆட்டிறைச்சி, நண்டு, சூடை, கோழிக்கால் எல்லாம் ஒவ்வொன்றாகப் பைக்குள் இறங்கின. "வீட்டில கிடந்தால் கண்ணுக்கு முன்னால ஆசை வரும். அன்ரனெற்றிட்டக் குடுத்துவிடுறன். அவை சேர்ச்சுக்குப் போற வேதக்காரர், துடக்கு இல்லை."

நண்டு போனதைப் பார்த்தபோதுதான் சிவபாதத்துக்கு முதன்முதலாகப் பெரியப்பாவின் இழப்புத் தெரிந்தது.

மற்ற நாள் வெள்ளி. வெள்ளிக்கிழமைகளில் இருவரும் சுவாமி அறையில் நின்று தேவாரம் பாடுவார்கள். கலண்டர்த் தாளில் உறை போட்ட ஒரு மெல்லிய புத்தகம் இருக்கிறது. வருடக்கணக்கில் பாடிப் பாடி சிவபாதத்துக்குப் பாதி பாடம். அன்றைக்கு அந்த அறை பூட்டிக் கிடந்தது. திறப்பு ஜெயமலரின் கைப்பையில்.

சனிக்கிழமை விடிய அவள் ஒரு பையை நீட்டினாள். "வேட்டி, சால்வை. இந்தச் சின்னப் பொட்டலத்தில அரிசி. எனக்காகவும் பெரியப்பாவுக்கு வாய்க்கரிசி போட்டுவிடுங்கோ. போனில கதைச்சுக் கதைச்சு ஓடாதையுங்கோ. தொப்பியைப் போடுங்கோ."

சிவபாதம் 401 நெடுஞ்சாலையில் கிழக்கே திரும்பினார். மொன்றியலுக்குப் போவதும் அதே றோட்டுத்தானே. ஆகவே முதல் அரை மணித்தியாலம் அவர் பொய்யே சொல்லவில்லை. பிறகு வடக்கே திரும்பினார்.

காட்டுப்பாதை தொடங்குகிற இடத்தில் மற்ற இரண்டு ஜீப்பும் நின்றன. குனிந்து ரயர்களின் காற்றைக் குறைத்தார்கள். காற்றுக் குறைந்த ரயர் பனியில் ஒட்டகக்கால் மாதிரி அகலமாகப் பரவும், புதையாது. எல்லாம் வெள்ளை. மரம் வெள்ளை, வேலி வெள்ளை, பாதை எது பள்ளம் எது என்று தெரியாத வெள்ளை.

"ஆழ்ந்த அனுதாபம், மச்சான்," என்று சீமோன் கையைப் பிடித்தார்.

"டேய், சும்மா இரடா."

அன்ரனெற் கண்ணாடியை இறக்கினாள். "அண்ணை, ஜெயமலர் அக்கா நேற்று ஒரு பை இறைச்சி கொண்டுவந்து தந்தவ. முகமெல்லாம் வாடிப்போச்சு."

"அன்ரனெற், நான் இஞ்ச வந்தது அவவுக்குத் தெரியக்கூடாது. சொல்லிப்போடாதையும்."

"சீ. நான் சொல்லுவனே?"

சிவபாதம் முன்னுக்குப் போனார். பனி ஜீப்பின் மூக்கில் மோதி இரண்டு பக்கமும் பறந்தது. பூரான் மாதிரி நெளிந்த பாதையில் அவருடைய தடம்தான் முதல் தடம். வோக்கிரோக்கியில் வினோதன் கத்தினான்: "அண்ணை, கலக்கிறியள்!" சிவபாதம் தனியே சிரித்தார். தனியே பாடினார். "மெதுவா" என்று சொல்ல ஒரு குரல் பக்கத்தில் இல்லை. என்ன நிம்மதி!

மெதுவா என்று யாரும் சொல்லாததால் அவர் மெதுவாகப் போகவில்லை. ஒரு வளைவில், சிறிய ஏற்றத்தில், ரயர் ஒருமுறை சுழன்றது. அப்போது காலை எடுத்திருக்க வேண்டும். சிவபாதம் மிதித்தார். இன்னும் மிதித்தார். நாலு ரயரும் நாலு கிணறு வெட்டின. ஜீப் வயிற்றைப் பனியில் வைத்துக் குந்திவிட்டது, வேலை முடிந்த எருமை மாதிரி.

"வின்ச்சைப் போடு!" என்றார் சீமோன்.

வின்ச்சின் கம்பியை ஒரு மரத்தில் கட்டினார்கள். வின்ச் இழுத்தது. ரயர் சுற்றியது. பிடி இல்லை.

"ரயருக்குக் கீழ ஏதும் போடவேணும். கார்ப்பெற் கிடக்கோ, அண்ணை?" என்று கேட்டான் வினோதன்.

"இல்லை."

"சாக்கு?"

"இல்லை."

"உந்தப் பைக்க என்ன?"

சிவபாதம் பையைப் பார்த்தார். பை சிவபாதத்தைப் பார்த்தது.

வேட்டி முன் ரயருக்குக் கீழே போனது. சால்வை பின் ரயருக்கு. வாய்க்கரிசியையும் அன்ரனெற் விடவில்லை. "சொரசொரப்பா இருக்கும், அண்ணை," என்று பிடி பிடியாக எறிந்தாள். சீமோன் பின்னுக்கு நின்று தள்ள, வேட்டி ரயருக்குள் சுருண்டு, ஒரு முறை எழும்பி, ஜீப் கிணற்றை விட்டு வெளியே குதித்தது. எல்லாரும் கைதட்டினார்கள். வேட்டியில் மேலிருந்து கீழ்வரை ரயர் அச்சு, கறுப்பில், பட்டுக்கரையைவிட அழகாக விழுந்திருந்தது.

இரவு ஏழு மணிக்கு அஜக்சில் கராஜ் கதவு திறந்தது. உள்ளே ஜெயமலர் நின்றாள். கையில் வாளி.

"கெதியா வந்திட்டியள்."

"றோட்டு வெறுமை."

அவள் ஜீப்பைச் சுற்றி நடந்தாள். "மொன்றியலுக்குப் போய்வந்த வாகனம் உப்புப்பிடிச்சு வெள்ளையாக் கிடக்கும். இது நல்ல துப்புரவு. பம்பரில என்ன கொப்பு?"

பைன் மரக்கொப்பு. சிவபாதம் அதைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "மலர்வளையம்."

"ஓ. அதில இருந்து விழுந்ததோ? பாவம்." வாளியைக் கீழே வைத்தாள். "சேர்ட்டைக் கழட்டுங்கோ."

"என்னத்துக்கு?"

"செத்தவீட்டால வந்த ஆள் தலை முழுகாமல் வீட்டுக்க கால் வைக்கிறதோ?"

"பேஸ்மென்ற்றில முழுகிறன், ஜெயம்! இஞ்ச மைனஸ் பதினாலு!"

"பேஸ்மென்ற்றும் வீடுதானே."

முதல் வாளியில் சிவபாதம் பெரியப்பாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார். அண்டை வீட்டுக்காரர் கேட்டிருந்தால் எவ்வளவு பாசம் என்று நினைத்திருப்பார். இரண்டாவது வாளியில் அவருக்குச் சத்தம் வரவில்லை. ஜெயமலர் உடனே துவாயால் போர்த்தி, தலையைத் துவட்டி, கொதிக்கக் கொதிக்க மல்லிக்கோப்பி கொடுத்தாள். அதில் குறை சொல்ல முடியாது.

"உடுத்த வேட்டியைத் தாங்கோ. துடக்கு உடுப்பு, உடன நனைக்கவேணும்."

"அது... நானே..."

அவள் பையைத் திறந்து வேட்டியை உதறினாள். கராஜ் விளக்கில் ரயர் அச்சு பளிச்சென்று விரிந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"பிரேத வண்டி ஏறிப்போச்சு," என்றார் சிவபாதம், பல்லுக் கிடுகிடுக்க.

"உங்களுக்கு மேலயோ?"

"வேட்டியின்ர தலைப்பில."

"தலைப்பில ஏறி மற்றத் தலைப்பால இறங்கியிருக்கு." வேட்டியை மடித்தாள். "பெரியப்பா நல்ல பாரமாக்கும்."

அதோடு விட்டுவிட்டாள். சிவபாதம் தப்பிவிட்டோம் என்று நினைத்தார்.

முப்பத்தொரு நாள் என்பது நாட்காட்டியில் ஒரு மாதம். நாக்கில் ஒரு வருடம். காலை இட்டலி, மத்தியானம் கத்தரிக்காய், இரவு பூசணிக்காய். ஜெயமலர் புதன்கிழமைகளில் அன்ரனெற் வீட்டுக்குத் துணைக்கு என்று போய் வருவாள். சிவபாதம் மெலிந்தார். அவள் மெலியவில்லை.

ஒரு நாள் வெயாஹவுசில் சாப்பாட்டு நேரம். வினோதன் மட்டன் றோல் பெட்டியைத் திறந்தான். சிவபாதம் கையை நீட்டினார். வினோதன் பெட்டியை மூடினான்.

"அண்ணை, அக்கா போன் எடுத்தவ. உங்களுக்கு மச்சம் ஒண்டும் குடுக்கவேண்டாமாம்."

"டேய், ஒருத்தரும் சாகேல்லை எண்டு உனக்குத் தெரியுந்தானே!"

"எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாதே. அவவுக்கு வாக்குக் குடுத்திட்டன், எப்பிடியண்ணை மீறுறது?"

இப்படிப்பட்ட நேர்மை அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று சிவபாதத்துக்கு விளங்கவில்லை.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. மாரிகாலத்தின் கடைசிப் பயணம். பனி உருகுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் பெரிய சுற்று ஒன்று போவார்கள். "அண்டைக்கும் நீதான் முன்னுக்கு," என்று சீமோன் சொல்லிவிட்டார். முன்னம் ஜீப் குந்திய அதே ஏற்றத்தை ஏறிக் காட்டினால்தான் ராசாப் பட்டம் நிலைக்கும். கணக்குப் பார்த்தார். வியாழன் செத்த பெரியப்பாவுக்கு முப்பத்தோராம் நாள் சனிக்கிழமை. பயணம் அடுத்த நாள். துடக்கும் கழிந்துவிடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு புதுச் சாட்டு வேண்டும்.

சிவபாதம் அனுபவம் பெற்ற மனிதர். இந்த முறை தாய் வழியில் தேடினார். தாய் வழிக்கு மூன்று நாள் துடக்குத்தான்.

சனிக்கிழமை ஜெயமலர் அந்தியேட்டி விருந்தாக அமுது கொடுத்தாள். பதினொரு கறி, பாயசம், வடை. சீமோனையும் அன்ரனெற்றையும் வினோதனையும் கூப்பிட்டிருந்தாள். மூவரும் வெள்ளை உடுத்திக்கொண்டு வந்து வரிசையாக இருந்தார்கள். சீமோன் கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்தார். சிவபாதம் அவரை முறைத்தார். இவர்களுக்கு நடிப்பு இவ்வளவு வருமா?

சுவாமி அறை ஒரு மாதத்துக்குப் பிறகு திறந்தது. திரி எரிந்தது. ஒரு மாதம் பூட்டிக் கிடந்த அறையில் தூசி ஒரு பொட்டும் இல்லை, பூக்கூட நேற்று வைத்தது மாதிரி இருந்தது. சிவபாதம் அதைக் கவனித்தார். யோசிக்கவில்லை. அவருடைய யோசனை முழுக்கத் தாய் வழியில் இருந்தது. குஞ்சம்மா மாமியா, தில்லையம்பலம் மாமாவா?

"தேவாரத்தைப் பாடுங்கோ, அப்பா," என்று ஜெயமலர் புத்தகத்தை நீட்டினாள்.

வழக்கமான புத்தகம்தான். கலண்டர்த் தாள் உறையை மட்டும் காணவில்லை. உறை இல்லாத அட்டையில் ஒரு படம் இருந்தது. தலைப்பாகை கட்டிய, தடித்த மீசை வைத்த ஒரு மனிதர் சிவபாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்துக்குக் கீழே: அமரர் பரநிருபசிங்கம். சிவபதப்பேறு குறித்த நினைவு மலர்.

அதற்குக் கீழே தோற்றம். அதற்குக் கீழே மறைவு. பதினொரு வருடத்துக்கு முந்திய திகதி.

நம்முடைய ஆட்களுக்கு ஒரு பழக்கம். செத்தவருக்கு அந்தியேட்டி அன்று கல்வெட்டு அடித்துக் கொடுப்பார்கள். படம், வமிச வரலாறு, பிறகு பாதிப் புத்தகத்துக்குத் தேவாரம் திருவாசகம். வரலாற்றை ஒருதரம் வாசிப்பார்கள். தேவாரத்துக்காக அதைச் சுவாமி அறையில் வைத்திருப்பார்கள். நோர்வேயிலிருந்து தபாலில் வந்த பெரியப்பாவைக் கையெழுத்து வைத்து வாங்கி, பெட்டிகளுக்கு மேலே போட்டுவிட்டுப் போனவர் சிவபாதம்தான். எடுத்து உறை போட்டவள் ஜெயமலர்.

"பதினொரு வரியமா," என்றாள் அவள், "வெள்ளிக்கு வெள்ளி அவரைக் கையில பிடிச்சுக்கொண்டுதான் பாடுறியள்."

சிவபாதம் எதையாவது செய்ய வேண்டும் என்று பக்கத்தைப் புரட்டினார்.

"கடைசிப் பக்கத்தைப் பாருங்கோ. பெறாமக்கள் வரிசையில ஏழாவது பேர், 'சிவபாதம், கனடா.'"

"அப்ப... அண்டைக்கு சுவாமி அறைக்க போனது?"

"திகதி பாக்க."

"அப்ப முப்பத்தொரு நாள் கத்தரிக்காய்?"

"அது உங்கட துடக்கு. சுவாமிக்கு நான் ஒவ்வொரு நாளும் நீங்கள் வேலைக்குப் போன பிறகு விளக்கு வைச்சனான். அவருக்குத் துடக்கில்லைத்தானே."

"நண்டு?"

அன்ரனெற் தொண்டையைச் செருமினாள். "நல்ல நண்டு, அண்ணை. புதன்கிழமை புதன்கிழமையா அக்காவும் நானும் முடிச்சிட்டம்."

"நீர் சொல்லமாட்டன் எண்டு சொன்னீரே!"

"நான் சொல்லேல்லை, அண்ணை. காட்டில எடுத்த படம் மட்டும்தான் அனுப்பினனான்."

சீமோன் கைலேஞ்சிக்குள் குலுங்கினார். அழுகை இல்லை என்பது இப்போது விளங்கியது. வினோதன் வடையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

ஜெயமலர் புத்தகத்தை வாங்கி, சரியான பக்கத்தைத் திறந்து மறுபடி அவர் கையில் வைத்தாள். "சரி, பாடுங்கோ. மனிசன் ரெண்டாந்தரம் செத்திருக்கிறார், ஒரு பதிகம் கூடப் பாடினால் குறைஞ்சு போகாது. பிறகு வெள்ளனப் படுங்கோ. நாளைக்கு ஸ்நோவுக்குப் போகவேணும்."

"ஆர் போறது?"

"எல்லாரும்தான். நான் அண்டைக்கே சொன்னனான், நானும் வருவனெண்டு."

ஞாயிற்றுக்கிழமை காலை. அதே காட்டுப்பாதை. ஆறு விளக்கு ஜீப் முன்னுக்குப் போனது. ஸ்ரியறிங்கில் ஜெயமலர். பக்கத்து சீற்றில் அன்ரனெற், பிளாஸ்கோடு. பின் சீற்றில் சிவபாதம், மடியில் சாம்பார்ச்சட்டியோடு. தலையில் காதை மூடுகிற தொப்பி.

அந்த வளைவு வந்தது. அந்த ஏற்றம் வந்தது. சிவபாதத்தின் வலது கால் தானாக முன் சீற்றின் முதுகை அமத்தியது. "மிதியும்! மிதியும், ஜெயம்! மிதிச்சால்தான் ஏறும்!"

ஜெயமலர் மிதிக்கவில்லை. நாற்பது பிள்ளைகள் பின்னுக்கு நித்திரை என்பது போல, தாலாட்டுகிற மாதிரி விட்டாள். ரயர் ஒருமுறை வழுக்கியது. காலை எடுத்தாள். கொஞ்சம் பின்னுக்கு விட்டாள். மறுபடி தொட்டாள். ஜீப் ஏறி மேலே போய் நின்றது. சட்டியில் சாம்பார்கூட அசையவில்லை.

வோக்கிரோக்கி கரகரத்தது. சீமோன்: "ஆஹா! இனி எல்லா வரியமும் நீங்கள்தான் முன்னுக்கு, தங்கச்சி!" அது முடிய முன்னம் வினோதனின் குரல்: "அக்கா, நான் புதைஞ்சிட்டன்! ரயருக்குக் கீழ போட ஒண்டுமில்லை!"

ஜெயமலர் சீற்றுக்குக் கீழே கையை விட்டாள். நன்றாகத் தோய்த்து, நீலம் போட்டு, மடிப்புக் கலையாமல் வைத்திருந்த ஒரு வேட்டியைத் தோளுக்கு மேலால் பின்னுக்கு நீட்டினாள். எத்தனை தோய்த்தும் ரயர் அச்சு மட்டும் போகவில்லை.

"இறங்குங்கோ, அப்பா. உங்களுக்குப் பழகின செத்தவீடுதானே."